கதவைக் கழற்றாத வீடு

அத்திப்பட்டில் ஒரு விசுவாசியின் வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை காலை கஸ்பாருக்கு இட்லியும் வடகறியும் வைத்தார்கள். வைத்துவிட்டு, வீட்டார் நான்கு பேரும் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்கள். ஊழியக்காரர் சாப்பிட்டு எழும்வரை யாரும் உட்கார மாட்டார்கள், அது மரியாதை. ஊழியத்துக்கு வந்த புதிதில் சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: "நீங்க மொதல்ல பாஸ்டர்." அவர் பாஸ்டரும் இல்லை. சபை கிடையாது, கட்டடம் கிடையாது, ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற சுவிசேஷகர். அதையும் சொல்லித் திருத்திக் களைத்துவிட்டார். எட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு இட்லியை எத்தனை வாயில் முடிப்பது என்பதுதான் இப்போதெல்லாம் அவர் கவலை.

போகிற வீட்டில் எல்லாம் இருப்பதிலேயே நல்ல தலையணை அவருக்குத்தான். ஒரே மின்விசிறி என்றால் அதன் கீழே அவருக்குப் படுக்கை. வீட்டார் சமையலறையில் நெருக்கியடித்துக்கொண்டு படுப்பார்கள். அவர் செருப்பைக் கழற்றும்போதே டிவியை அணைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் ஓடுகிற முக்கால்வாசி சீரியல்களின் முதல் இரண்டு நிமிடம் கஸ்பாருக்கு அத்துப்படி. அதற்குமேல் அந்தப் பெண்களுக்கெல்லாம் என்ன ஆனதென்று தெரியாது. கேட்டால் நன்றாகவா இருக்கும்? ஊழியக்காரரிடம் நோயைச் சொல்வார்கள், புருஷன் குடிப்பதைச் சொல்வார்கள், மருமகளைச் சொல்வார்கள். மீன் விலையையோ பக்கத்து வீட்டுச் சண்டையையோ யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சுக்காக அவர் ஏங்கிப்போயிருந்தார்.

ஐம்பத்தெட்டு வயது. பிறந்தது ராயபுரத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மகனுக்கு ரயில்வே சரக்குக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தார். முப்பத்தாறாவது வயதில் மைதானத்தில் நடந்த ஒரு ஜெபக் கூட்டத்தில் அழுதுகொண்டே மேடைக்குப் போன கஸ்பார், அந்த வேலையை விட்டுவிட்டுப் பையைத் தூக்கியவர்தான். மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் மனைவி ரேச்சல் தையல் இயந்திரத்தோடு தனியாக இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்தபோது அவர் தேனிப் பக்கம் ஒரு கூட்டத்தில், தூக்கமில்லாத ஒருவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டார். வீடு எங்கே பாஸ்டர் என்று யாராவது கேட்டால், "கர்த்தருடைய சந்நிதிதான்" என்பார். அல்லேலூயா என்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கை கழுவும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"அலோ, பாஸ்டர் கஸ்பாரா?"

"ஸ்தோத்திரம். சொல்லுங்க பிரதர்."

"ஸ்தோத்திரம்லாம் வேணாம். நான் சாவடிக்குப்பம் கிருஷ்ணப்பன் பேசறேன். ராஜாத்தி வூட்டுக்காரு. போன வருசம் எங்க வூட்ல கூட்டம் போட்டீங்களே."

கஸ்பாருக்கு ஒன்றும் நினைவில்லை. "ஆமா ஆமா, எல்லாரும் சுகமா?" என்றார். இந்த வேலையில் முதலில் பழகுவது அந்த 'ஆமா ஆமா'தான்.

"சொகம்லாம் அப்பால. அன்னிக்கி என் பொஞ்சாதி தலைல கைய வெச்சி ஒரு பேச்சு பேசிட்டுப் போனீங்க. அத்த வந்து எடுத்துகினு போங்க. இன்னிக்கே வரணும். சாயந்தரம் அஞ்சு மணியோட எல்லாம் முடிஞ்சிடும்."

எந்தப் பேச்சு என்று கேட்பதற்குள், கத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து எந்த டீக்கடையில் நிற்க வேண்டும் என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அன்று இரவு எழும்பூரில் நாகர்கோவில் ரயில். மறுநாள் தொடங்கி மூன்று நாள் அங்கே கன்வென்ஷன். கத்திவாக்கம் போகிற வழியில்தானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டார். நோயாளி யாராவது இருப்பார்கள், ஒரு ஜெபத்தோடு கிளம்பிவிடலாம்.

மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே சாம்பல் பூத்த மரங்களும் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகளும் போய்க்கொண்டிருந்தன. என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் ஜனங்கள் வரிசையாக வந்து முழங்கால் போடுவார்கள். ஒவ்வொரு தலையிலும் கைவைத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆசீர்வாதம் மட்டும் போதாது, அவரவர்க்கென்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது தலை. ஆரம்ப காலத்தில் அடிவயிற்றில் ஒரு சூடு எழும்பும். அது எழும்பினால்தான் வாயைத் திறப்பார். எழும்பாவிட்டால் "ஜெபிக்கிறேன்மா" என்று அனுப்பிவிடுவார். ரேச்சல் போன பிறகு அந்தச் சூடு வரவேயில்லை. ஆனால் வரிசை வந்துகொண்டிருந்தது. வாயும் பழகிப்போயிருந்தது. இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் ஆளில்லை. சொன்ன வார்த்தை பலித்ததா இல்லையா என்று பார்க்கவும் இருந்ததில்லை. சொன்ன மறுநாள் அவர் வேறு ஊரில் இருப்பார்.

டீக்கடை, கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் விரைவுச் சாலையின் ஓரத்தில் இருந்தது. கிருஷ்ணப்பன் எழுந்து வந்தான். ஐம்பதைத் தாண்டிய, தோள் அகலமான ஆள். துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை. இருபது வருஷமாகத் தொழிற்சங்கத்தில் இருக்கிறான். சட்டைப் பையில் சங்கத்தின் டைரி எட்டிப் பார்த்தது. ஒரு டீ வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, கும்பிடாமல் கொள்ளாமல் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"எனுக்கு ஒரே ஒரு பொண்ணு. செங்கொடினு நான்தான் பேரு வெச்சேன். ரெண்டு வருசம் முன்னாடி, டேங்கர் லாரி ஓட்டற பகலவன்னு ஒரு பையன கட்டிக்கறேன்னா. வுட்டேன் ஒரு அறை. அவ போன புடுங்கி தரைல அடிச்சேன், ஆத்தாகாரி போனயும் சேத்து அடிச்சேன். ரெண்டும் தூள். மறுநாளு பொண்ணு இல்ல. ஆந்திரா பக்கம் போயிட்டாங்கன்னு கேள்வி. ராஜாத்தி நம்பர் மட்டும்தான் அவுளுக்கு மனப்பாடம். அந்த சிம்மு வேற யாரு பேர்லயோ இருந்துச்சி, நம்பரும் பூட்சி, திரும்ப வாங்க முடில."

"கர்த்தர் பெரியவர்" என்றார் கஸ்பார், வாய்ப் பழக்கத்தில்.

"கேளு நைனா. அப்பால இவ, யாரோ கூப்டாங்கன்னு ஜெபத்துக்குப் போவ ஆரம்பிச்சா. போவட்டும், மனசுக்கு ஆறுதல்னு வுட்டுட்டேன். நீ வந்த. 'மகளே, கதவை அடைக்காதே, உன் பிள்ளை இந்த வாசலுக்கே திரும்பி வருவாள்'னுட்டு போயிட்ட. நீ போயிட்ட. அவ அங்கயே கீறா."

கடல் குப்பத்தைத் தின்றுகொண்டிருந்தது. போன புயலில் இரண்டு வரிசை வீடுகள் போயின. மிச்சமிருந்தவர்களுக்கு மணலி புதுநகருக்கு அப்பால் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியாகிவிட்டது. இரண்டு வாரமாகக் குப்பமே காலியாகி வந்தது. ஒதுக்கீடு குடும்பத் தலைவியின், அதாவது ராஜாத்தியின் பெயரில். அவள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். இன்று மாலை ஐந்து மணி கடைசி. வாங்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். திங்கட்கிழமை இயந்திரம் வந்து வரிசையை இடிக்கும். ராஜாத்தி அசைய மாட்டேன் என்கிறாள். பெண் வந்தால் இந்த வாசலுக்குத்தானே வருவாள் என்கிறாள். அக்கம்பக்கம் எல்லாம் ஆளுக்கொரு பிளாக்காகச் சிதறிப் போகிறது; வந்து கேட்டால் சொல்ல ஆளிருக்காதாம்.

"உன் சாமி மேல எனுக்கு நம்பிக்க இல்ல" என்றான் கிருஷ்ணப்பன். "ஆனா அவுளுக்குக் கீது. நான் சொன்னா கேக்கல, அவ அண்ணன் சொன்னா கேக்கல. நீ சொன்னா கேப்பா. புச்சா ஒரு வார்த்த சொல்லு. அந்த வூட்டுக்கே வருவான்னு சொல்லு. உனுக்கு இன்னா, ஒரு நிமிட்டு வேல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்குவதை ஒரு ஊழியக்காரனுக்குக் காட்ட அவனுக்கு இஷ்டமில்லை.

கஸ்பாருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இவ்வளவுதானே. டீயைக் குடிக்கும்போதே வசனம் தயாராகிவிட்டது. 'உன் தேசத்தையும் உன் இனத்தையும் உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு, நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ.' ஆபிரகாமுக்குச் சொன்னது. இடம் மாறுகிற எவருக்கும் பொருந்தும். இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

சாலையிலிருந்து இறங்கி நடந்தார்கள். ஆள் இல்லாத தெருவாக இருந்தது. காலிசெய்து போனவர்கள் கதவு, ஜன்னல், கூரைத் தகடு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நிலைகூட இல்லாமல் வரிசையாக ஓட்டைகள். கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டில் மங்கம்மா என்கிற மீன்காரம்மாள், தன் வாசல் கதவின் கீலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்து, கடலையொட்டி, கதவோடு நின்ற ஒரே வீடு ராஜாத்தியுடையது. பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு காலி கேஸ் சிலிண்டரை முட்டுக் கொடுத்து அகலத் திறந்து வைத்திருந்தார்கள்.

"வாங்கய்யா" என்று ராஜாத்தி ஓடிவந்தாள். மெலிந்த உடம்பு, நெற்றியில் ஒன்றுமில்லை, முகம் கொள்ளாத சந்தோஷம். "நீங்க வருவீங்கன்னு தெர்யும். இவருதான் கூட்டாந்தாரா? பாருங்க, சொன்னா மாதிரியே வெச்சிகினு கீறேன். ஒரு நாளு அடைக்கல."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்ததும்தான், அந்தப் பத்துக்குப் பத்து அறையின் உள்ளிருந்து வாசலைப் பார்த்ததும்தான், கஸ்பாருக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. மழைக் குளிர். கடல்காற்று அடிக்கிறது என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே நாற்பது பேர். மூச்சு முட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். கண் முழுக்க அந்தக் கதவின் மேல்தான் இருந்தது. யாராவது எழுந்து அதைத் திறந்து தொலைக்க மாட்டார்களா என்பதைத் தவிர அன்றைக்கு அவருக்கு வேறு ஜெபமே இல்லை. அப்போதுதான் ஒரு பெண் முழங்கால் போட்டு, "பொண்ணு பூட்சிங்கய்யா" என்றாள். வாய் தானாகத் திறந்தது. முன்னால் கதவு இருந்தது, கதவு வந்தது. அவ்வளவுதான் அந்த வார்த்தையின் கதை. சொல்லிவிட்டு அடுத்த தலைக்குப் போய்விட்டார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயம் வந்தது.

ராஜாத்தி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். குறையாக ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியாரிடம் வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற பிள்ளையைப்போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "நைட்ல நான் வாசல் குறுக்கதான் படுப்பேன். ஒரு தபா நாயி உள்ள வந்து மீன் சட்டிய உருட்டிச்சி. ஒரு தபா எவனோ குக்கர தூக்கினு பூட்டான். போவட்டும்னு வுட்டுட்டேன். புயல் அன்னிக்கி இவரு அடச்சிட்டாரு, நான் அழுதேன், திரும்பத் தொறந்துட்டாரு. வூடு முழுக்கத் தண்ணி. என் தங்கச்சி மவ கல்யாணத்துக்குக் கூடப் போவல. இந்த வாசல்னு சொன்னீங்க இல்ல, அதான்."

கிருஷ்ணப்பன் வாசலுக்கு வெளியே நின்று அவரைப் பார்த்தான். சீக்கிரம் என்றது அவன் பார்வை. தெருமுனையில் டெம்போ வந்து நின்றிருந்தது. மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

கஸ்பார் எழுந்து அவள் தலையில் கைவைத்தார். ராஜாத்தி கண்ணை மூடி, உள்ளங்கைகளை விரித்து ஏந்தினாள். முடியில் தேங்காய் எண்ணெய் வாசனை. ரேச்சலின் தலையணை உறையிலும் இதே வாசனைதான் இருந்தது. 'உன் தேசத்தையும்' என்று தொடங்கினால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். இவள் எழுந்து டெம்போவில் ஏறுவாள். புது வீட்டில் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் குறுக்கே படுப்பாள். அவர் நாகர்கோவிலில் இருப்பார். அப்புறம் தேனி, அப்புறம் திருப்பூர். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எத்தனையோ வார்த்தைகள் சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் ஒரு வார்த்தையை இப்படி எழுத்துக்கு எழுத்து செய்து காட்டியதில்லை. அவரே செய்ததில்லை. விரித்த அந்த உள்ளங்கைகளைப் பார்க்க அவருக்குக் கூசியது.

கையை எடுத்துவிட்டார்.

"கண்ணத் தொறம்மா" என்றார். மேடைக்காக வருஷக்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய அந்தத் தமிழ் வரவில்லை. ராயபுரத்துச் சந்தில் பேசின பேச்சுதான் வந்தது. "அன்னிக்கி கர்த்தர் ஒண்ணியும் சொல்லலமா. நான்தான் சொன்னேன். எனுக்கு மூச்சு முட்டிச்சி, கதவ தொறந்தா தேவலனு இருந்துச்சி. வாயில அதுதான் வந்துது. உன் பொண்ணு வருவாளா மாட்டாளானு எனுக்குத் தெர்யாது."

வெளியே மங்கம்மாவின் சுத்தியல் நின்றுவிட்டது. கிருஷ்ணப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். கேட்டது என்ன, இந்த ஆள் செய்வது என்ன என்று அவனுக்கு ஆத்திரம்.

ராஜாத்தி அவரையே பார்த்தாள். முகத்திலிருந்த சந்தோஷம் ஒரேயடியாகப் போகவில்லை. போகலாமா என்று கேட்பதுபோல மெல்ல மெல்லப் போனது.

"அன்னிக்கி மட்டுமா?" என்றாள்.

"மூணு வருசமா" என்றார். "என் பொஞ்சாதி செத்ததுலேர்ந்து எனுக்கு ஒண்ணும் கேக்கலமா. சும்மா பேசினு கீறேன்."

அதைச் சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த மூன்று வருஷத்தில் எத்தனை ஊர், எத்தனை வீடு, எத்தனை நல்ல தலையணை! எதிலும் இறக்கி வைக்க முடியாததை, கடல் தின்றுகொண்டிருக்கும் இந்த அறையில், தன்னால் ஏமாந்தவளிடமே இறக்கி வைத்தாயிற்று. அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது. செருப்பை எடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

ராஜாத்தி திட்டவில்லை. எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கும்வரை நின்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"டெம்போகாரன உள்ள வரச் சொல்லு. சாமானத்த ஏத்து."

கிருஷ்ணப்பன் நம்பாமல் நின்றான். "மெய்யாலுமேவா?"

"ஏத்துன்றேன் இல்ல? எனுக்கு வூடு வோணும். அவ வந்தா எங்க குந்த வெப்பேன், ரோட்லயா?" என்றவள் கஸ்பாரிடம் வந்தாள். "ஆனா திங்கக்கெழம வரைக்கும் இந்த வூடு நிக்கும். அது வரைக்கும் இங்க ஆளு வோணும்யா. இவரு வேணாம். இவரு மூஞ்சிய தூரத்துலயே பாத்துட்டா அவ அப்டியே திரும்பிப் போயிடுவா. நீங்கதான சொன்னீங்க? நீங்களே இருங்க."

"எனக்கு ராத்திரி ட்ரெயின்மா. நாகர்கோவில்ல கூட்டம். போஸ்டர்லாம் ஒட்டியாச்சு."

அவள் பாத்திரங்களை எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தாள். கெஞ்சியிருந்தால் அவர் எப்படியும் ஒரு வசனத்தைச் சொல்லித் தப்பித்திருப்பார். அவள் கெஞ்சவில்லை.

ஒரு மணி நேரத்தில் வீடு காலியானது. பின்பக்க ஜன்னலைக் கிருஷ்ணப்பன் சட்டத்தோடு பெயர்த்தான். கட்டில் போனது, பீரோ போனது, கதவுக்கு முட்டாயிருந்த காலி சிலிண்டரும் போனது. கதவில் கைவைக்கப் போனவனை ராஜாத்தி பார்த்தாள். அவன் விலகிக்கொண்டான். மண்ணெண்ணெய் அடுப்பை மட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள். சோறு வடித்து, நெத்திலிக் குழம்பு வைத்து, இரண்டையும் மூடி மூலையில் வைத்துவிட்டுத்தான் அடுப்பையும் ஏற்றினாள். புது வீட்டின் பிளாக் எண்ணும் கதவு எண்ணும் எழுதிய காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"நெறம் என்ன மாதிரிதான். எடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. நடக்க சொல்ல செருப்ப தேச்சிகினே வருவா, எத்தினி தபா சொல்லியும் கேக்க மாட்டா. சோறு போடுங்க, நீங்களும் துன்னுங்க. காத்தால யாருகிட்டயாவது சாப்பாடு குடுத்தனுப்பறேன்." பேசிக்கொண்டே வாசற்படியில் இறங்கியவள், திரும்பி நிலையை ஒருதரம் தொட்டுவிட்டு வேகமாகப் போய் டெம்போவில் ஏறிக்கொண்டாள்.

கிருஷ்ணப்பன் கடைசியாக வந்தான். "பாஸ்டரு" என்றான். "அவ வந்தா... அப்பா கேட்டாருனு சொல்லு." டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டடி போனவன் திரும்பி வந்தான். "வேணாம். அம்மான்னு மட்டும் சொல்லு." அப்புறம் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டி ஆடி ஆடிச் சாலையில் ஏறி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மறைந்தது.

நாகர்கோவிலுக்குப் போன் செய்தார். வர முடியாது என்றதும் அந்தப் பக்கம் பதறினார்கள். உடம்பு சரியில்லையா பாஸ்டர், என்ன பாரம் சொல்லுங்க, நாங்க உபவாசமிருந்து ஜெபிக்கிறோம். "ஒண்ணுமில்ல, ஒரு வீட்டுல ஆளில்ல, அதான்" என்றார் கஸ்பார். அவர்களுக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்ல அவருக்கும் தெரியவில்லை.

வெயில் இறங்கிவிட்டது. மங்கம்மா தன் கதவை மீன் தள்ளுவண்டியில் கிடத்திக் கயிறு கட்டி, தள்ளிக்கொண்டு வந்தாள். அவரைக் கண்டதும் நின்றாள்.

"நீ போவல?"

"இல்லம்மா. திங்கக்கெழம வரைக்கும் இருப்பேன்."

மேலும் கீழும் பார்த்தாள். "கொசு புடுங்கி எடுத்துடும்" என்றாள். "வஞ்சிரம் இன்னா வெல வித்துச்சி தெர்யுமா இன்னிக்கி? ஆயிரத்தி முந்நூறு. எவன் வாங்குவான்? அத்தினியும் ஓட்டலுக்குதான் போச்சி." அலுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு ஆள் தன்னிடம் மீன் விலை சொன்னதை நினைத்து, அவள் போன பிறகும் கஸ்பார் சற்று நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஜன்னல் போன பின்சுவர் ஓட்டை வழியாகக் கடல்காற்று நேராக உள்ளே வந்து, கதவை இழுத்து அறைந்தது. திறந்தார். மறுபடி அறைந்தது. முட்டுக் கொடுக்கத் தேடினால் வீட்டில் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் தவிர ஒன்றுமில்லை. வெளியே அலை தடுக்கப் போட்ட பாறைகளோ ஆளுயரம். கடைசியில் கதவை முழுக்கத் திறந்து, அதில் முதுகைக் கொடுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்து பார்த்தால் சாலைக்கு அப்பால் பஸ் நிறுத்தம் தெரிந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. வேலை முடிந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இறங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். அவர் கழுத்தை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இவ்வளவு தூரத்தில் புருவம் எங்கே தெரியப் போகிறது? செருப்பு தேய்கிற சத்தத்துக்குக் காது கொடுத்தார். லாரி இரைச்சல்தான் கேட்டது. வந்தால் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தார். ஆயிரம் பேர் கூட்டத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. பயந்துவிடாமல் இருக்க வேண்டும், திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும். "வாம்மா, உங்கம்மா சோறு ஆக்கி வெச்சிட்டுப் போயிருக்குது" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக ஊரெல்லாம் போய் வந்தவர் அவர். அவர் உட்கார்ந்திருக்க, அவரிடத்துக்கு ஒருத்தி வரவேண்டியிருப்பது இதுதான் முதல் தடவை.

அடுத்த பஸ் திருவொற்றியூர்ப் பக்கமிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. கடலிலிருந்து காற்றும் வந்தது. பின்னாலிருந்து யாரோ நெஞ்சைக் கொடுத்துத் தள்ளுவதுபோலக் கதவு அவர் முதுகை நெருக்கியது. கஸ்பார் இரண்டு குதிகாலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்குகிற கால்களைப் பார்த்தார்.